வேலூர்ல சாவு ஜாஸ்தியா? கணக்கு எங்க இடிக்குது

பாபு ராவ் தெரு பக்கம் போனா லாட்ஜ் போர்டு, மெஸ் போர்டு எல்லாம் பெங்காலில இருக்கும். சிஎம்சி (கிறிஸ்டியன் மெடிக்கல் காலேஜ்) ஆஸ்பத்திரிக்கு வைத்தியம் பாக்க மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்குல இருந்தெல்லாம் வந்துகினே இருக்காங்க. இதுல நம்ம ஊர் பொது சுகாதார கணக்குக்கு ஒரு சிக்கல் இருக்கு, யாரும் பெருசா பேசறதில்ல.

1969ல வந்த பிறப்பு இறப்பு பதிவு சட்டப்படி சாவு எங்க நடந்துச்சோ அங்கதான் 21 நாளுக்குள்ள பதியணும். கொல்கத்தாக்காரர் இங்க ஆஸ்பத்திரில தவறிட்டா சர்ட்டிபிகேட் வேலூர்லதான். இப்போ இறப்பு விகிதம்னா இன்னா? ஒரு வருஷத்துல செத்தவங்கள அந்த ஊர் ஜனத்தொகையால வகுத்து 1000ஆல பெருக்கறது, அவ்ளோதான். சும்மா பேச்சுக்கு, 5 லட்சம் பேர் இருக்கற ஊர்ல ஊர்க்காரங்க 3,500 பேர் செத்தா 1000க்கு 7. வைத்தியத்துக்கு வெளியூர்ல இருந்து வந்து செத்த 1,500 பேரையும் மேல சேத்துட்டு, கீழ மட்டும் அதே 5 லட்சத்த வச்சா 10 ஆயிடும். ஊர்ல எந்த நோயும் பரவல, ஆனா பேப்பர்ல பாத்தா பயமா இருக்கும்.

பிறப்புல இது தலைகீழ். தமிழ்நாட்ல இப்ப வீட்டு பிரசவம் 100க்கு 1 கூட கிடையாது, கிராமத்து பொண்ணு அடுக்கம்பாறை பெரிய ஆஸ்பத்திரில பெத்துக்கினா பதிவு அங்கதான் விழும், கிராமத்து ரிஜிஸ்டர பாத்தா கொழந்தையே பொறக்காத மாதிரி இருக்கும். இதுல தலப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வர்ற பொண்ணுங்க வேற.

இந்த சிக்கல்ல மாட்டாம விகிதம் பாக்க எஸ்ஆர்எஸ்னு (மாதிரி பதிவு முறை) ஒரு சர்வே இருக்கு. தேர்ந்தெடுத்த ஏரியால ஒருத்தர் வருஷம் முழுக்க பிறப்பு இறப்ப எழுதிகினே வருவாரு, ஆறு மாசத்துக்கு ஒருக்கா இன்னொருத்தர் தனியா வீடு வீடா போய் கேப்பாரு, ரெண்டையும் ஒத்துப்பாத்து விட்டுப்போனத புடிப்பாங்க. அங்க எங்க செத்தாங்கன்றது இல்ல, எங்க குடியிருந்தாங்கன்றதுதான் கணக்கு. கணியம்பாடி ஒன்றியத்துல சிஎம்சியோட பாகாயம் சமூக மருத்துவப் பிரிவும் ஏறக்குறைய இதே மாதிரி, 1980கள்ல இருந்து கம்ப்யூட்டர்ல ஏத்தி, கர்ப்பம், பிரசவம், சாவு எல்லாத்தையும் ஊர் ஊரா தொடர்ந்துகினு வருது. ஒருத்தர் வீட்லயே தவறிட்டா குடும்பத்துல போய் கடைசி நாள்ல ஜுரம் இருந்துச்சா, நெஞ்சு வலியான்னு கேட்டு காரணத்த கண்டுபுடிக்கற முறையும் உண்டு. எனக்கு என்னமோ இந்த வேலைதான் எல்லாத்துலயும் கஷ்டம்னு தோணுது, துக்க வீட்ல போய் எப்டி கேக்கறது?

அப்றம் சின்ன எண்ணோட விளையாட்டு. 3,000 பேர் இருக்கற பஞ்சாயத்துல வருஷத்துக்கு 40 கொழந்த பொறக்குதுன்னு வைங்க. ஒரு பச்சக்கொழந்த தவறினா சிசு இறப்பு விகிதம் (அதாவது பொறக்கற 1000 கொழந்தைக்கு ஒரு வயசு ஆகறதுக்குள்ள எத்தன தவறுதுன்றது) 25, ரெண்டுன்னா 50, அடுத்த வருஷம் ஒண்ணும் இல்லன்னா 0. இத வச்சி நர்ஸம்மாவ திட்டவும் கூடாது, பாராட்டவும் கூடாது, நாலஞ்சு வருஷத்த சேத்துதான் பாக்கணும்.

வருஷா வருஷம் ஒப்பிடறப்ப எல்லையும் பாருங்க. 2011 சென்சஸ்ல வேலூர் மாவட்டம் 39,36,331 பேர். 2019ல ராணிப்பேட்ட, திருப்பத்தூர் பிரிஞ்சு போச்சு, இப்ப இருக்கற வேலூருக்கு அதே சென்சஸ்படி 16 லட்சம் சொச்சம்தான். இது தெரியாம டேபிள் போட்டா பாதிக்கு மேல ஜனம் காணாமப் போயிருக்கும். 2021 சென்சஸும் நடக்கல, அதனால வகுக்கறதுக்கு கீழ போடற ஜனத்தொகையே பழைய எண்ண வச்சி போட்ட மதிப்பீடுதான்.

இன்னொண்ணு, 2019-21 குடும்பநல சர்வேல தமிழ்நாட்ல ஒரு பொண்ணுக்கு சராசரி 1.8 கொழந்த. கொழந்தைங்க கம்மி, பெருசுங்க ஜாஸ்தி, அதனால வைத்தியம் நல்லாவே இருந்தாலும் 1000க்கு இத்தன சாவுன்ற எண் மெல்ல ஏறும். கேரளால அந்த எண் நாட்டு சராசரிய விட கூடதான், ஆனா அங்கதான் ஜனங்க ரொம்ப வருஷம் வாழறாங்க. அதனால வயசு வாரியா பிரிச்சி, 60 வயசுக்காரங்கள 60 வயசுக்காரங்களோட மட்டும் ஒப்பிடுவாங்க.