விமனாமிக்ஸ்: வீட்டை உதறிவிட்டு வந்த சொல்

ஜப்பானியப் பொருளாதாரம் பற்றி ஆங்கில ஏடுகளில் படிப்பவர்களுக்கு 'விமனாமிக்ஸ்' பழகிய சொல்: பெண்களை வேலைக்குக் கொண்டுவந்து வளர்ச்சியைக் கூட்டுவது. ஜப்பானியர் வாயில் அது 'ஊமனோமிகுசு'. தமிழில் எழுத வரும்போதுதான் தடுமாற்றம். 'பெண் பொருளாதாரம்', 'மகளிர் பொருளியல்' என்று ஆளுக்கொன்று எழுதுகிறோம்.

சொல்லை உருவாக்கியவர் கேத்தி மட்சுயி. கோல்ட்மேன் சாக்ஸ் என்ற முதலீட்டு வங்கியின் டோக்கியோ அலுவலகத்தில் பங்குச்சந்தை உத்தி வகுப்பவராக இருந்தபோது, 1999-இல் எழுதிய அறிக்கையில் இதைப் பயன்படுத்தினார். அவர் வாதம் எளிது. உழைக்கும் வயதினர் எண்ணிக்கை சரிகிறது. பெருமளவில் வெளிநாட்டவரைக் குடியேற்ற நாடு தயாரில்லை. படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் வேலைக்கு வந்தால் வளர்ச்சி கூடும். உரிமைப் பேச்சு அல்ல, முதலீட்டாளருக்குச் சொன்ன கணக்கு. அந்த வாடை சொல்லை விட்டு இன்னும் போகவில்லை.

2013-இல் பிரதமர் ஷின்சோ அபே இதைத் தம் வளர்ச்சிக் கொள்கையில் சேர்த்துக்கொண்டார். அவருடைய பொருளாதாரக் கொள்கைக்கு வழங்கிய 'அபெனாமிக்ஸ்' என்ற பெயரோடு ஓசையும் பொருந்திவிட்டது.

சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: 'விமன்' (பெண்கள்), 'எக்கனாமிக்ஸ்' (பொருளியல்). 'எக்கனாமிக்ஸ்' என்பதன் மூலம் கிரேக்கம்: 'ஒய்கோஸ்' என்றால் வீடு, 'நோமோஸ்' என்றால் நெறி. வீட்டை நடத்தும் முறைதான் பொருளியலின் ஆதிப்பொருள். 1980-களில் அமெரிக்க அதிபர் ரீகனின் பொருளாதாரக் கொள்கைக்கு 'ரீகனாமிக்ஸ்' என்ற பெயர் வந்தபோதே தலையை வெட்டி வாலை ஒட்டும் வழக்கம் பரவிவிட்டது. அதே வெட்டு இங்கும் விழுந்தது. பெண்ணைச் சேர்க்கும்போது கழன்று விழுந்தது வீடு!

கொள்கையிலும் ஏறக்குறைய அதுவே நடந்தது. பெண்களை வெளியே அழைத்தார்கள். வீட்டை யார் பார்ப்பது என்ற கேள்வி பின்தங்கியது. 2016 பிப்ரவரியில், பிள்ளைக்குக் காப்பகத்தில் இடம் கிடைக்காத ஒருவர் பெயர் சொல்லாமல் இணையத்தில் எழுதினார்: "காப்பகம் கிடைக்கவில்லை, ஜப்பானே செத்துப் போ!" அநாமதேயப் பதிவை உறுதிசெய்ய முடியாது என்று அபே நாடாளுமன்றத்தில் சொல்ல, 'இடம் கிடைக்காதது எனக்குத்தான்' என்ற அட்டைகளோடு பெற்றோர் நாடாளுமன்றத்தின் முன் வந்து நின்றார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெண்கள் ஒளிரும் நாடு என்ற முழக்கத்துக்காக 2014-இல் அரசு தொடங்கிய இணையப் பக்கத்தின் பெயர் 'ஷைன்', ஆங்கிலத்தில் ஒளிர் என்று பொருள். அந்த ஆங்கில எழுத்துகளை ஜப்பானிய முறையில் படித்தால் 'ஷினே'. அதாவது, செத்துப் போ.

வரிச் சட்டமும் குறுக்கே நின்றது. '103 மான் யென் சுவர்' என்பார்கள். மான் என்றால் பத்தாயிரம்; நம் கணக்கில் 10 லட்சத்து 30 ஆயிரம் யென். மனைவியின் ஆண்டு வருமானம் அதைத் தாண்டினால் கணவனின் வரிச்சலுகை அன்று குறையத் தொடங்கியது. ஆண்டுக் கடைசியில் பகுதிநேர வேலைக்குப் போகும் பெண்கள் ஷிப்ட்டைக் குறைத்துக்கொண்டார்கள். 2018-இல்தான் சலுகைக்கான வரம்பு 150 மான் ஆனது.

பலன் இல்லாமலும் இல்லை. 2012-இல் 60 சதவீதத்தை ஒட்டியிருந்த உழைக்கும் வயதுப் பெண்களின் வேலைவாய்ப்பு விகிதம் 2019-இல் 70-ஐத் தாண்டியது. ஆனால் ஊழியப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நிரந்தரமற்ற வேலையில்தான். 2020-க்குள் தலைமைப் பொறுப்புகளில் 30 சதவீதம் பெண்கள் என்ற இலக்கும் தள்ளிப்போனது.

சரி, தமிழில்? 'பெண் பொருளாதாரம்' என்றால் பெண்களின் வரவு செலவு என்று படும். 'பெண்ணியப் பொருளியல்' வேறு துறை. சம்பளமில்லா வீட்டு வேலைக்கும் மதிப்புப் போடுவது அது. விமனாமிக்ஸ் அந்த வேலையை எண்ணுவதில்லை, அதிலிருந்து ஆளை எடுக்கப் பார்க்கிறது. 'பாலின சமத்துவம்' என்றும் பெயர்க்கக் கூடாது. அது நோக்கம், இது வளர்ச்சிக்கு ஒரு வழி. என் தெரிவு 'மகளிர்வழி வளர்ச்சி'. வளர்ச்சிதான் இலக்கு, மகளிர் அதற்கு வழி என்பதை அது மறைக்காது. அபே அரசின் திட்டத்தையே குறிக்கும் இடத்தில் மட்டும் முதல் தடவை 'விமனாமிக்ஸ் எனப்பட்ட மகளிர்வழி வளர்ச்சிக் கொள்கை' என்று எழுதிவிட்டு, பிறகு தமிழ்ச் சொல்லோடு தொடரலாம்.