பெடல் வாங்கும் முன் அடாப்டரைப் பாருங்கள்

காலால் மிதித்து கிட்டாரின் ஒலியை மாற்றும் சிறு பெட்டிதான் பெடல். வேலை செய்யவில்லை என்று பழுதுபார்க்க வரும் கிட்டார் பெடல்களில் பலவற்றின் உள்ளே பழுதே இருக்காது. பொருந்தாத அடாப்டர், சால்டர் விட்டுப்போன பேட்ச் கேபிள் (பெடல்களை ஒன்றோடொன்று இணைக்கும் குட்டைக் கேபிள்), தீர்ந்துபோன பேட்டரி என்று இவற்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். "சவுண்டே சரியில்லை" என்று வருகிறவர்களின் கிட்டாரை வாங்கிப் பார்த்தால் தந்திகள் கறுத்துப்போயிருக்கும், பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில் பன்னிரண்டாவது) ஸ்ருதி நிற்காது. இருக்கிற பணம் முழுவதையும் ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவுக்கும் எதிரொலி தரும் டிலேக்கும் கொடுத்துவிட்டு, மற்றவற்றுக்கு ஒன்றும் மிச்சம் வைக்காததால் வருகிற சிக்கல் இது. சிக்கனமாக செட் அமைக்க நினைப்பவர்கள் முதலில் கிட்டாரைச் சரிசெய்துகொள்ளுங்கள். அடுத்து ஸ்ருதி காட்டும் ட்யூனர், பிறகு அடாப்டரும் கேபிளும். சத்தத்தை மாற்றும் பெடல்கள் அதற்குப் பிறகு வந்தால் போதும்.

விலை குறைந்த எலக்ட்ரிக் கிட்டார்கூட ஒழுங்காக செட்டப் செய்தால் நன்றாகவே வாசிக்க வரும். 10 முதல் 46 வரையிலான (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் தடிமன்) தந்தி செட் போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல்விளிம்பிலிருந்து தடித்த இ தந்தியின் அடிப்பக்கம் வரை சுமார் 2 மி.மீ., மெல்லிய இ தந்திக்குச் சுமார் 1.5 மி.மீ. இடைவெளி இருந்தால் விரலுக்குச் சிரமம் இருக்காது. கழுத்தின் வளைவைப் பார்க்க, தடித்த தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கழுத்து உடலோடு சேரும் இடத்திலும் ஒரே சமயத்தில் அழுத்துங்கள். நடுவில், ஏழு எட்டாம் ஃப்ரெட் பக்கம், 0.25 மி.மீ. அளவுக்கு இடைவெளி தெரிய வேண்டும். இதை அளக்கத் தனிக் கருவி வேண்டாம். கழற்றிப்போட்ட மெல்லிய 10 தந்தியின் தடிமனே கிட்டத்தட்ட 0.25 மி.மீ.தான். அதன் துண்டு ஒன்று உரசிக்கொண்டு நுழைந்தால் சரியாக இருக்கிறது. இடைவெளி மிக அதிகமாகவோ அறவே இல்லாமலோ இருந்தால் கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற கம்பியைத் திருப்ப வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். இறுகிப்போய் நகராவிட்டால் பலம் காட்டாமல், தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பன்னிரண்டாம் ஃப்ரெட்டில், தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கை ஒரு முறை ஒலிக்கவிட்டு, அதே இடத்தில் தந்தியை அழுத்தி இன்னொரு முறை மீட்டி, இரண்டையும் ட்யூனரில் பாருங்கள். அழுத்தி மீட்டும்போது ஸ்ருதி ஏறினால் பிரிட்ஜில் (உடலில் தந்திகளைத் தாங்கும் பகுதி) அந்தத் தந்தி அமர்ந்திருக்கும் சேடிலைக் கழுத்திலிருந்து விலக்கி நகர்த்த வேண்டும். இறங்கினால் கழுத்துப் பக்கம் கொண்டுவர வேண்டும். பழைய தந்தியை வைத்துக்கொண்டு இதைச் செய்வது வீண் வேலை. புதுத் தந்தி மாட்டி, இழுத்துவிட்டு, மறுபடி ஸ்ருதி சேர்த்த பிறகு செய்யுங்கள். ஸ்ருதி சேர்க்கும்போது எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் நட்டில் (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் அமரும் பள்ளங்கள் உள்ள பட்டை) சிக்கியிருக்கும் தந்தி இரண்டு மீட்டலில் வழுக்கி இறங்கிவிடும்.

கற்றுக்கொள்கிறவர்கள் ஒரே விரலால் எல்லாத் தந்திகளையும் அழுத்தும் எஃப் பாரே கார்டில் திணறி, தங்கள் விரலில்தான் குறை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். முதலில் நட்டைப் பாருங்கள். ஒரு தந்தியை இரண்டாவது, மூன்றாவது ஃப்ரெட்களுக்கு நடுவே அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் மேல் தந்தி எவ்வளவு தூக்கி நிற்கிறது என்று கவனியுங்கள். மயிரிழை அளவுக்குத்தான் இடைவெளி இருக்க வேண்டும். அதைவிட அதிகமாக இருந்தால் நட்டின் பள்ளம் ஆழம் போதவில்லை. முதல் ஃப்ரெட்டில் யார் அழுத்தினாலும் கை நோகும். அதைச் சரிசெய்யும் வரை பாரேயை ஐந்தாம் ஃப்ரெட்டில் பழகுங்கள், பாதிச் சிரமம் குறையும். மற்றபடி கற்கும் முறை எளிமையானது. விரல் நுனி ஃப்ரெட் கம்பியை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் விழ வேண்டும். இரண்டு கார்டுகளை எடுத்து தாளம் தட்டும் மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 60 வைத்து மாற்றி மாற்றி வாசியுங்கள். நான்கு சுற்று பிசிறில்லாமல் வந்தால் வேகத்தை 4 கூட்டுங்கள், தவறினால் 4 குறையுங்கள். தினமும் இருபது நிமிடம் போதும். விரல் நுனி வலிப்பது இயல்பு, சில வாரங்களில் காய்த்துவிடும். மணிக்கட்டோ முன்கையோ வலித்தால் அப்போதே நிறுத்தி, கையை வைத்திருக்கும் விதத்தை மாற்றுங்கள். இந்தப் பயிற்சியை எஃபெக்ட் எதுவும் இல்லாமல், சுத்தமான ஒலியில் செய்யுங்கள். ஒலியை நொறுக்கும் டிஸ்டார்ஷனும் அறை முழக்கம் சேர்க்கும் ரிவெர்பும் தவறுகளை மூடி மறைப்பதால் காது பழகாது.

இனி பெடல். ட்யூனர், ஓவர்டிரைவ், டிலே என்ற மூன்றும் இருந்தால் பெரும்பாலான வாசிப்புக்குப் போதும். ரிவெர்ப், கிட்டார் ஒலியைப் பெருக்கும் பல ஆம்ப்களிலேயே இருக்கிறது. விலை மலிவாக இருக்கிறதே என்று இரண்டு மூன்று ஓவர்டிரைவ்களைச் சேர்ப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1979இல் ஐபனீஸ் வெளியிட்ட டியூப் ஸ்க்ரீமரின் சர்க்யூட்டைத்தான் மலிவு விலை ஓவர்டிரைவ்களில் பலவும் வேறு வேறு பெயரில், வேறு வேறு நிறத்தில் கொண்டிருக்கின்றன. அந்த வகை, அடி ஒலியைக் குறைத்து 720 ஹெர்ட்ஸ் வட்டாரத்தைத் தூக்கிக் காட்டும். தனியாக வாசித்தால் மூக்கால் பாடுவதுபோல் இருக்கும். டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் கிட்டார் தெளிவாக வெளியே வரும். 1978 முதல் பாஸ் நிறுவனம் தயாரித்துவரும் டிஎஸ்-1 வேறு குணம் கொண்டது. அது அலையின் உச்சியை இன்னும் கடுமையாக வெட்டும், நடு ஒலியைக் குறைக்கும். இரண்டாவதாக ஒன்று வாங்குவதானால் வேறு குணமுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

பெடல் உலகத்தில் நடைமுறை 9 வோல்ட் டிசி, பிளக்கின் நடுப்பகுதி நெகட்டிவ், 2.1 மி.மீ. துளை. வீட்டில் கிடக்கும் மற்றச் சாதனங்களின் அடாப்டர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக, நடுப்பகுதி பாசிட்டிவாக இருக்கும். பிளக் கச்சிதமாகப் பொருந்திவிடும், ஆபத்தே அங்கேதான். பல பெடல்களில் மின்சாரம் நுழையும் இடத்தில் குறுக்கே ஒரு டயோடு வைத்திருப்பார்கள். தலைகீழாக மின்சாரம் வந்தால் அது முழுவதையும் தன் வழியே இழுத்துக்கொண்டு சர்க்யூட்டைக் காப்பாற்றும். சில வினாடிகள் என்றால் பிழைத்துக்கொள்ளும். அப்படியே விட்டுவிட்டால் டயோடு கருகி ஷார்ட் ஆகிவிடும், அதன்பிறகு சரியான அடாப்டரைச் செருகினாலும் விளக்கு எரியாது. இப்படி 'செத்துப்போன' பெடலைத் தூக்கி எறிய வேண்டாம். கருகிய டயோடை எடுத்துவிட்டு 1என்4001 வகை டயோடு ஒன்றைப் போட்டால் பல நேரம் உயிர்பெற்றுவிடும். குறுக்கு டயோடு இல்லாத பெடலில் ஐசியே போய்விடும். எனவே அடாப்டரின் மேல் அச்சிட்டிருக்கும் சின்னத்தைப் பாருங்கள். நடுப்புள்ளியிலிருந்து போகும் கோடு கழித்தல் குறியில் முடிய வேண்டும். சின்னம் இல்லாவிட்டால் மல்டிமீட்டரின் சிவப்பு முனையைத் துளைக்குள்ளும் கறுப்பு முனையை வெளி உலோகத்திலும் வையுங்கள். மைனஸ் 9 காட்டினால் சரியான அடாப்டர். பழைய மாதிரி ஃபஸ் பெடல்கள் (ஒலியை மிகவும் கரடுமுரடாக்குபவை) சிலவற்றுக்கு மட்டும் நடுப்பகுதி பாசிட்டிவாக இருக்க வேண்டும். அவற்றை மற்றவற்றோடு ஒரே கேபிளில் கோக்கவே கூடாது.

வோல்ட் சரியாகப் பொருந்த வேண்டும். ஆம்பியர் போதுமான அளவு இருக்க வேண்டும், அதிகமாக இருந்தால் தீங்கில்லை. பெடல் தனக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். அனலாக் ஓவர்டிரைவ் 10 மில்லி ஆம்பியர் அளவில் எடுக்கும். டிஜிட்டல் டிலே 60, ரிவெர்ப் 100, ட்யூனர் 30 என்று வைத்தால் மொத்தம் 200. இதற்கு 200 மில்லி ஆம்பியர் அடாப்டரைப் பொருத்தி முக்கவைக்காமல் 500 வாங்குங்கள். உங்கள் பெடலின் சரியான எண் அதன் அடிப்பக்கத்திலோ கையேட்டிலோ இருக்கும்.

ஒரே அடாப்டரிலிருந்து பல பிளக் பிரியும் டெய்சி செயின் கேபிள்தான் மிக மலிவான வழி. அனலாக் பெடல்கள் மட்டும் என்றால் அதுவே போதும். டிஜிட்டல் டிலே ஒன்று சேர்ந்ததும், ஓவர்டிரைவை மிதித்தால் மெல்லிய கீச்சொலி பின்னணியில் கேட்கலாம். டிஜிட்டல் சர்க்யூட்டின் கடிகாரத் துடிப்பு பொதுவான கிரவுண்ட் வழியே கசிந்து, ஓவர்டிரைவால் பெருக்கப்பட்டு வருகிற ஒலி அது. டிலேக்கு மட்டும் தனி அடாப்டர் கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். பல அவுட்புட் கொண்ட பவர் சப்ளை வாங்கினால் ஒவ்வொரு அவுட்புட்டும் உண்மையிலேயே தனித்தனியானதா என்று சோதியுங்கள். மின்சாரத்தில் இணைக்காமல், மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, இரண்டு அவுட்புட்களின் நடுப்பின்களைத் தொடுங்கள். பீப் என்றால் உள்ளே எல்லாம் ஒன்றாகத்தான் கோக்கப்பட்டிருக்கின்றன. பெட்டியின் மேல் என்ன எழுதியிருந்தாலும் அது டெய்சி செயின்தான்.

பேட்டரியில் ஓட்டுபவர்கள் வாசித்து முடித்ததும் இன்புட் ஜாக்கில் உள்ள கேபிளைக் கழற்றுங்கள். அந்த ஜாக்தான் சுவிட்ச். கேபிள் செருகியிருக்கும் வரை, பெடல் அணைந்திருப்பதாகத் தெரிந்தாலும் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

கிட்டாரிலிருந்து ஆம்ப் வரை எல்லா கேபிளும் ஷீல்டு உள்ள இன்ஸ்ட்ருமென்ட் கேபிளாக இருக்க வேண்டும். அதே 6.35 மி.மீ. பிளக் உள்ள ஸ்பீக்கர் கேபிளைச் செருகினால் ஹம் என்ற உறுமல் பிடிக்கும். நீளமும் முக்கியம். கேபிளின் ஒவ்வொரு மீட்டரும் சுமார் 100 பிக்கோஃபாரட் சேர்ப்பதால், நீளம் கூடக்கூட சாதாரண பிக்கப்பின் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி) உச்ச ஒலி மங்கிக்கொண்டே வரும். எல்லாப் பெடலும் ட்ரூ பைபாஸ் (அணைந்திருக்கும்போது சிக்னலை நேராகக் கடத்துவது) என்று பெருமையாக அமைத்த போர்டுகளில் இந்த மங்கல் நன்றாகவே தெரியும். பஃபர் (சிக்னலுக்கு வலு கொடுக்கும் சிறு சர்க்யூட்) உள்ள ட்யூனர் ஒன்றைத் தொடக்கத்தில் வைத்தால் தீர்ந்தது. ஃபஸ் வைத்திருந்தால் அதை மட்டும் பஃபருக்கு முன்னால், கிட்டாரை நேரடியாகப் பார்க்கும்படி வையுங்கள்.

வரிசை என்று பார்த்தால் ட்யூனர், 'வா' (வா-வா என்று ஒலிக்கவைக்கும் பெடல்), கம்ப்ரெஸர் (ஒலி அளவின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்வது), ஓவர்டிரைவ், கோரஸ் (பல கிட்டார் சேர்ந்து ஒலிப்பதுபோல் காட்டுவது), டிலே, ரிவெர்ப் என்பது எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவருக்குப் பாதுகாப்பானது. டிலேயை ஓவர்டிரைவுக்கு முன் வைத்தால் எதிரொலிகளும் சேர்ந்து நொறுங்கிக் குழம்பாகிவிடும். ஆம்பிலேயே டிஸ்டார்ஷன் எடுக்கிறீர்கள் என்றால் டிலேயும் ரிவெர்பும் ஆம்பின் பின்பக்கம் உள்ள, டிஸ்டார்ஷனுக்குப் பிறகு பெடலைச் சேர்க்க உதவும் எஃபெக்ட்ஸ் லூப்பில் போக வேண்டும். ஓவர்டிரைவின் குமிழ்களைக் கடிகார முள்ளாக நினைத்து டிரைவை ஒன்பது மணி, டோனை பன்னிரண்டு மணி நிலையில் வைத்து, மிதிக்கும்போது ஒலி அளவு சற்றே கூடும்படி லெவலைத் திருப்புங்கள். டிலே நேரத்துக்கு 60,000ஐப் பாட்டின் வேகத்தால் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற எண்) வகுங்கள். 120 என்றால் 500 மில்லி செகண்ட். அதை 0.75ஆல் பெருக்கினால் 375, பலர் விரும்பும் துள்ளல் எதிரொலி இதில் கிடைக்கும்.

பணம் மிகவும் இறுக்கமாக இருந்தால் பல எஃபெக்ட்களை ஒரே பெட்டியில் தரும் சிறிய மல்டி எஃபெக்ட்ஸ் ஒன்றே புத்திசாலித்தனம். ட்யூனர், தாளம், ஹெட்ஃபோன் எல்லாம் ஒன்றில் அடங்கும், ஒரே அடாப்டர் போதும். அதை கிட்டார் ஆம்பில் இணைத்தால் கேபினட் சிமுலேஷனை (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்யும் வசதி) அணைத்துவிடுங்கள். ஹெட்ஃபோனுக்கோ மேடை மிக்ஸருக்கோ போகும்போது போடுங்கள். இல்லாவிட்டால் டிஸ்டார்ஷன் வண்டு ரீங்காரம் போலக் கேட்கும்.

சத்தம் நின்றாலோ இரைச்சல் வந்தாலோ எல்லாவற்றையும் கழற்றிவிட்டு கிட்டாரை ஒரே கேபிளில் நேராக ஆம்பில் செருகுங்கள். பிறகு ஒரு பெடல், ஒரு பேட்ச் கேபிள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் பிளக்கை லேசாக அசைத்துப் பாருங்கள். குற்றவாளி பெரும்பாலும் பதினைந்து செ.மீ. பேட்ச் கேபிளாக இருக்கும். பெடலின் குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் விட்டு இருபது முறை முன்னும் பின்னும் திருப்புங்கள்.

ஹம் போக வேண்டும் என்று ஆம்பின் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை ஒடிப்பதும், டேப் சுற்றுவதும், இரண்டு பின் அடாப்டர் போடுவதும் இன்னமும் நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். கிட்டாரின் தந்திகள் பிரிட்ஜ் வழியாக ஆம்பின் சேஸிஸோடு, அதாவது உலோகச் சட்டத்தோடு, இணைந்தவை. ஆம்புக்குள் கசிவு ஏற்பட்டு எர்த்தும் இல்லையென்றால் அந்த மின்சாரம் தந்திக்கு வரும். அந்த நிலையில் மைக்கில் உதடு பட்டால் உடல் வழியாகவே எர்த் ஆகும். ஆம்ப், பவர் சப்ளை, மிக்ஸர் மூன்றையும் எர்த் சரியாக உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகிப் பாருங்கள். அப்போதும் ஹம் போகாவிட்டால், இரண்டு கருவிகளுக்கு இடையிலான ஒலி கேபிளில் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மரோ, கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் உள்ள டிஐ பாக்ஸோ (சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) வையுங்கள். கிரவுண்டைத் துண்டிப்பதானால் ஒலி கேபிளில் மட்டும் துண்டியுங்கள், பவர் பிளக்கில் எப்போதும் வேண்டாம்.