வெட்டப்படும் கடைசிப் பத்தி

நாளிதழ் ஒன்றின் உலகச் செய்திப் பிரிவில் இருபது வருடங்களுக்கும் மேலாக வேலை பார்க்கிறேன். செய்தி நிறுவனங்களிலிருந்து ஆங்கிலத்தில் வருவதைத் தமிழாக்கி, பக்கத்துக்கு ஏற்றபடி சுருக்கி, தலைப்பு வைத்து அனுப்புவது என் வேலை. நாங்கள் அதை ஏஜென்சி காப்பி என்போம். அந்தக் காப்பிக்கு ஓர் அமைப்பு உண்டு. இன்று என்ன நடந்தது என்பது முதல் பத்தியில் இருக்கும். யார் கண்டித்தார்கள், யார் வரவேற்றார்கள் என்பது அடுத்தடுத்து வரும். இந்தச் சண்டை எங்கே ஆரம்பித்தது, இந்த ஒப்பந்தம் எதனால் வந்தது என்கிற பின்னணி கடைசிப் பத்தியில் கிடக்கும். இடம் போதாவிட்டால் கீழேயிருந்து வெட்டிக்கொண்டே வரலாம் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

பக்கம் முடிக்கும் நேரத்தில் கடைசி நிமிட விளம்பரம் ஒன்று வந்துவிட்டால் முதலில் போவது அந்தப் பத்திதான். இத்தனை வருடங்களில் எத்தனையோ கடைசிப் பத்திகளை நானே வெட்டியிருக்கிறேன். அதன் விளைவு என்ன என்பது எனக்கு வாசகர்கள் மூலமாகத்தான் புரிந்தது. தொலைபேசியில் பேசுகிறவர்களும் நேரில் பார்க்கிறவர்களும் திரும்பத் திரும்ப ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள்: “அந்த ஊர்க்காரங்களே அப்படித்தான் சார், எப்பப் பார்த்தாலும் அடிச்சுக்குவாங்க.” காரணத்தை எடுத்துவிட்டால் அந்த இடம் காலியாக இருப்பதில்லை. மக்களின் குணம் என்று ஒன்று வந்து அங்கே உட்கார்ந்துகொள்கிறது. ஒரு சமூகத்தையே வெறுக்க வைக்க அது போதும். இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பதறுகிறது.

ஈரானை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவுக்கும் ஈரானுக்கும் இடையில் எது நடந்தாலும் செய்தியில் ஒரு தேதி வரும்: 1979 நவம்பர் 4. அன்று டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் மாணவர்கள் புகுந்தார்கள். 52 பேர் 444 நாட்கள் பணயக் கைதிகளாக இருந்தார்கள். அமெரிக்கர் ஒருவருக்குக் கதை இங்கே தொடங்குகிறது. ஈரானியர் பலருக்கு அது 1953 ஆகஸ்ட் 19 அன்றே தொடங்கிவிட்டது. பிரிட்டிஷ் நிறுவனத்தின் கையில் இருந்த எண்ணெய் வயல்களை 1951-ல் நாட்டுடைமையாக்கிய பிரதமர் முகமது மொசாதெக்கை, அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு அமைப்புகள் அங்கிருந்த ராணுவ அதிகாரிகளோடும் வேறு பல சக்திகளோடும் சேர்ந்து பதவியிலிருந்து இறக்கிய நாள் அது. நாட்டைவிட்டு ஓடியிருந்த மன்னர் ஷா திரும்பி வந்து அடுத்த கால் நூற்றாண்டு ஆண்டார். 1979 தொடக்கத்தில் புரட்சி அவரை வெளியேற்றியது. அந்த அக்டோபரில் அதே ஷாவைப் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக அமெரிக்கா தன் மண்ணில் அனுமதித்தபோது, ‘53-ல் செய்ததை மறுபடியும் செய்யப் போகிறார்கள்’ என்ற பயம் டெஹ்ரான் தெருக்களில் பரவியது. இரண்டு வாரத்தில் தூதரகம் வீழ்ந்தது.

தூதர்களைச் சிறைபிடித்தது சரி என்று இதனால் ஆகிவிடாது. சர்வதேசச் சட்டப்படி அது குற்றம்தான். ஆனால் 1953 இல்லாமல் 1979 நவம்பரைப் படிக்கிறவருக்கு அது பைத்தியக்காரத்தனமாக மட்டுமே தெரியும். 1953-ஐ வைத்துப் படித்தால், தவறான செயலுக்குப் பின்னாலும் ஒரு பயம் இருந்தது தெரியும். 1953-ல் தன் கை இருந்ததை அமெரிக்க உளவுத் துறையே 2013-ல் வெளியான ஆவணங்களில் ஒப்புக்கொண்டது. அறுபது வருடம் ஆயிற்று.

செய்தி எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்பதை யாரோ ஒருவர் முடிவு செய்கிறார். பல நேரம் எந்த உள்நோக்கமும் இல்லாமல், இடப் பற்றாக்குறையால், என்னைப் போன்ற ஒருவர்.

சில சமயம் வரலாறு செய்திக்குள்ளேயே, நம் கண்முன்னால், பெயராக நிற்கும். 2025 ஜனவரி இறுதியில் கிழக்குக் காங்கோவின் கோமா நகரத்தை எம்23 என்ற ஆயுதக் குழு பிடித்தது. எல்லோரும் அந்தப் பெயரை எழுதினோம். அது என்ன 23? மார்ச் 23. அதாவது 2009 மார்ச் 23 அன்று காங்கோ அரசு ஒரு கிளர்ச்சிக் குழுவோடு போட்ட அமைதி ஒப்பந்தத்தின் தேதி. ‘எங்களை ராணுவத்தில் சேர்த்துக்கொள்வோம் என்றார்கள், சொன்னபடி நடத்தவில்லை’ என்று 2012-ல் கலகம் செய்தவர்கள், அந்தத் தேதியையே தங்களுக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள். ஒரு குறை, ஒரு குற்றச்சாட்டு, எல்லாம் அந்தப் பெயரில் இருக்கிறது. அந்த 2012 நவம்பரிலும் அவர்கள் கோமாவைப் பிடித்து, சில நாட்களில் விட்டு விலகினார்கள்.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் 1994 வரும். பக்கத்து நாடான ருவாண்டாவில் ஏறக்குறைய நூறு நாட்களில் சுமார் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் சிறுபான்மை டுட்சி இனத்தவர். கொன்றது பெரும்பான்மை ஹுட்டு இனத் தீவிரவாதிகளின் அரசும் அதன் ஆட்களும். கொலை நடந்த மாதங்களில் உலகப் பத்திரிகைகள் பல அதைப் பழங்கால இனப்பகை என்று எழுதின. பெல்ஜியக் காலனி நிர்வாகம் 1930-களில் ஒவ்வொருவர் அடையாள அட்டையிலும் ஹுட்டு, டுட்சி என்று பதியவைத்ததும், அதே அட்டையைச் சாலைத் தடுப்புகளில் பார்த்துப் பார்த்துத்தான் கொன்றார்கள் என்பதும் அந்த வர்ணனையில் மறைந்துபோயின. கொலைகார அரசு தோற்றபோது, 1994 ஜூலையில், சில நாட்களுக்குள் ஏறத்தாழ பத்து லட்சம் ஹுட்டுகள் எல்லை தாண்டினார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த இடம்தான் கோமா. அகதிகளுக்கு நடுவே கொலைகாரர்களும் ஆயுதங்களோடு இருந்தார்கள், முகாம்களையே நடத்தினார்கள். அவர்களைத் தேடி 1996-ல் ருவாண்டா ராணுவம் உள்ளே வந்தது. அதன் பிறகு கிழக்குக் காங்கோ ஓயவே இல்லை. இன்று எம்23-க்குப் பின்னால் ருவாண்டா ராணுவம் இருக்கிறது என்று ஐ.நா. நிபுணர் குழு சொல்கிறது, ருவாண்டா மறுக்கிறது, தன் எல்லைக்கு அப்பால் 1994 கொலைகாரர்களின் எச்சங்கள் இன்னும் ஆயுதத்தோடு இருப்பதாகச் சொல்கிறது. நடுவில் கைப்பேசிகளுக்கு வேண்டிய கோல்டான் என்ற தாது கிடைக்கும் சுரங்கங்கள். இவ்வளவையும் ‘பழங்குடி மோதல்’ என்ற இரண்டு சொல்லில் அடைத்துத் தலைப்பு வைத்த நாட்கள் எங்கள் துறையில் உண்டு. அந்தச் சொல்லை என் கையால் எழுதியிருக்கிறேன். இப்போது எழுதுவதில்லை.

மொழிபெயர்ப்பு என்று வரும்போது விஷயம் இன்னும் நுணுக்கமாகிறது. தமிழில் உலகச் செய்தி படிக்கிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது இது என்று நினைக்கிறேன்.

1967 ஜூன் போரில் சினாய், காசா, கிழக்கு ஜெருசலேம் உட்பட மேற்குக் கரை, கோலான் குன்றுகள் ஆகியவற்றை இஸ்ரேல் பிடித்தது. அந்த நவம்பர் 22-ம் தேதி ஐ.நா. பாதுகாப்பு சபை 242-ம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. போரில் ஆக்கிரமித்த பிரதேசங்களிலிருந்து இஸ்ரேல் படைகள் விலக வேண்டும் என்பது அதன் ஒரு கூறு. ஆங்கில வாசகத்தில் ‘பிரதேசங்கள்’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘தி’ (the) என்ற சுட்டு இல்லை. அதனால் எல்லாப் பிரதேசங்களிலிருந்தும் விலகத் தேவையில்லை, எல்லை பேச்சுவார்த்தையில் முடிவாக வேண்டியது என்று இஸ்ரேல் வாதிட்டது. பிரெஞ்சு வாசகத்திலோ அந்தச் சுட்டு இருக்கிறது. படித்தால் எல்லாவற்றையும் குறிப்பதாகவே தோன்றும். அரபு நாடுகள் அதைக் காட்டின. போரின் மூலம் நிலம் சேர்ப்பது ஏற்கத்தக்கதல்ல என்று அதே தீர்மானத்தின் முன்னுரை சொல்வதையும் காட்டின. ஒரு சின்னச் சொல் இருப்பதா இல்லையா என்பதன் மேல் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வாக்குவாதம் நடக்கிறது.

தமிழில் அந்தச் சுட்டே கிடையாது. “ஆக்கிரமித்த பகுதிகளிலிருந்து இஸ்ரேல் வெளியேற வேண்டும்” என்று நாம் இயல்பாக எழுதினால், தமிழ்க் காதுக்கு எல்லாப் பகுதிகளும் என்றே கேட்கும். ‘சில பகுதிகளிலிருந்து’ என்றால் இஸ்ரேல் தரப்பை எடுத்ததாகிவிடும். எப்படி எழுதினாலும் ஒரு பக்கம் சாய்கிறது. இரண்டு வாசகங்கள் இருக்கின்றன என்று ஒரு வரி சேர்ப்பதுதான் நேர்மையான வழி. அந்த வரியும் கடைசிப் பத்தியில்தான் வரும், அதையும்தான் வெட்டுவோம்.

தைவான் செய்தியிலும் இதே சிக்கல். அமெரிக்கா சீனாவோடு 1979-ல் உறவு ஏற்படுத்திக்கொண்டபோது வெளியிட்ட கூட்டறிக்கையின் ஆங்கிலத்தில், தைவான் சீனாவின் ஒரு பகுதி என்ற சீன நிலைப்பாட்டை அமெரிக்கா ‘அறிந்திருக்கிறது’ என்கிற அளவில்தான் இருக்கிறது. சீன மொழி வாசகத்தில் அந்த இடத்தில் வரும் சொல்லுக்கு ‘ஒப்புக்கொள்கிறது’ என்ற கனம் உண்டு. ஆங்கிலமே தன்னைக் கட்டுப்படுத்தும் என்பது அமெரிக்காவின் நிலை. தமிழில் நாம் அலட்சியமாக ‘அங்கீகரித்தது’ என்று எழுதிவிட்டு நகர்கிறோம். தைவான் சம்பந்தமாக அடுத்த முறை ‘அங்கீகாரம்’ என்று படித்தால் கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

‘போர்நிறுத்தம்’ என்ற சொல்லும் அப்படித்தான். இரண்டு நாள் துப்பாக்கிகள் ஓய்ந்தாலும் அதுதான். கொரியாவில் 1953 ஜூலை 27-லிருந்து இன்றுவரை இருப்பதும் அதுதான். அங்கே அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாகவே இல்லை. அந்தப் போர்நிறுத்த ஆவணத்தில் தென் கொரியா கையெழுத்தும் போடவில்லை.

பின்னணி தெரிந்தால் போதும், எல்லாம் தெளிந்துவிடும் என்று நான் ஒரு காலத்தில் நம்பினேன். அந்த நம்பிக்கையில் ஒரு ஆபத்து இருக்கிறது. வரலாற்றை ஆயுதமாக எடுப்பவர்களும் பின்னணி சொல்லித்தான் ஆரம்பிக்கிறார்கள். 2021 ஜூலையில் ரஷ்ய அதிபர் புடின், ரஷ்யர்களும் உக்ரைனியர்களும் ஒரே மக்கள் என்று வாதிட்டு, பண்டைய கீவ் ராஜ்ஜியத்திலிருந்து தொடங்கி நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். ஏழு மாதம் கழித்துப் படை புகுந்தது. ஆயிரம் வருடத்துக்குப் பின்னால் போகிற அந்த வாதம், 1991 டிசம்பர் 1-க்கு உரிய கனத்தைத் தருவதில்லை. அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் உக்ரைன் மக்கள் 90 சதவீதத்துக்கு மேல் சுதந்திரத்துக்கு வாக்களித்தார்கள். கிரிமியாவிலும் 54 சதவீதம் ஆதரவு கிடைத்தது. 1994 டிசம்பர் 5-ல் புடாபெஸ்ட்டில், தன் மண்ணில் இருந்த அணு ஆயுதங்களை உக்ரைன் கைவிட ஒப்புக்கொண்டதற்குப் பதிலாக அதன் எல்லைகளை மதிப்போம் என்று ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் கையெழுத்திட்டன.

எதிர்ப்பக்கத்திலும் தேதி தேர்வு நடக்கிறது. இந்தப் போர் 2022 பிப்ரவரி 24-ல் ஒரு காலைப்பொழுதில் திடீரென்று வெடித்ததாகவே பல செய்திகள் சொல்கின்றன. கிழக்கு உக்ரைனில் 2014-லிருந்தே சண்டை நடந்தது, 2022-க்கு முன்பே 14,000 பேருக்கு மேல் செத்திருந்தார்கள். உக்ரைனும் ஜார்ஜியாவும் ஒருநாள் உறுப்பினர்கள் ஆவார்கள் என்று நேட்டோ 2008 ஏப்ரலில் புக்காரெஸ்ட் மாநாட்டில் அறிவித்ததும் பதிவில் இருக்கிறது. இவற்றைச் சொல்வது படையெடுப்பை நியாயப்படுத்துவதாகாது. படையெடுத்தவர் படையெடுத்தவர்தான். ஆனால் தலைவர் ஒருவர் வரலாறு பேசத் தொடங்கினால் எந்த வருடத்தில் ஆரம்பிக்கிறார், எந்த வருடங்களைத் தாண்டிக் குதிக்கிறார் என்று நான் பென்சிலால் குறித்துக்கொள்வேன். பெரும்பாலும் அந்தக் குதித்த வருடங்களில்தான் விஷயம் இருக்கும். 1953-ஐ ஓயாமல் நினைவூட்டும் ஈரான் அரசுதான், மொசாதெக்கின் கட்சிக் கூட்டணியான தேசிய முன்னணியையும் 1979 புரட்சிக்குப் பின் ஒடுக்கியது.

எங்கள் பிரிவுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம், காப்பியைக் கடைசிப் பத்தியிலிருந்து மேல்நோக்கிப் படிக்கச் சொல்வேன். அடைமொழிகளைச் சந்தேகப்படவும் சொல்வேன். ‘மேற்கு அரைக்கோளத்தின் மிக ஏழை நாடான ஹெய்ட்டி’ என்று ஒவ்வொரு முறையும் எழுதுகிறோம், ஏதோ அது அந்த நாட்டின் முதல் பெயர் போல. அடிமைகள் போராடி 1804-ல் விடுதலை வாங்கிய நாடு அது. 1825-ல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை நிறுத்தி, அடிமைகளை இழந்த முன்னாள் எஜமானர்களுக்கு நஷ்டஈடாக 15 கோடி பிராங்க் கேட்டது. பிறகு அது 9 கோடியாகக் குறைந்தது. அந்தத் தவணைக்கே கடன் வாங்கி, கடனுக்கு வட்டி கட்டி, கணக்கு முடிய 1947 ஆயிற்று. பின்னால் துவாலியே குடும்பத்தின் 29 வருடச் சர்வாதிகாரமும் இருக்கிறது, எல்லாப் பழியும் பாரிஸுக்குப் போகாது. ஆனாலும் ‘ஏழை’ என்ற அடைமொழி மட்டும் நிற்கும்போது, அந்த மக்களுக்கு ஒன்றும் தெரியாததால் ஏழையானார்கள் என்றே மனம் எடுத்துக்கொள்கிறது.

வாசகர்கள் எல்லா நாட்டையும் படிக்க முடியாது, நாங்களும் படிப்பதில்லை. ஏதாவது ஒரு நாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு வருடம் தொடர்ந்து பாருங்கள். எல்லைக்கோட்டை யார் போட்டார்கள், எந்த வருடம் என்று தேடுங்கள். 242-ம் தீர்மானம் ஒரு பக்கம்தான், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் பற்றி வரும் நூறு விவாதங்களைவிட அதைப் படிக்க நேரம் குறைவு. எதிரெதிர்த் தரப்பு ஊடகங்களில் ஒன்றொன்றாவது பார்த்து, இருவரும் கதையை எந்தத் தேதியில் தொடங்குகிறார்கள் என்று மட்டும் எழுதி வையுங்கள். யார் சொல்வது உண்மை என்று அப்புறம் பார்க்கலாம்.

போன வாரம் ஓர் இரவு கோமா பற்றிய செய்தி பத்து வரி அதிகமாகிவிட்டது. கீழேயிருந்து வெட்டினால் இரண்டு நிமிட வேலை. மேலே, நாலாம் பத்தியில், மூன்று நாட்டு வெளியுறவு அமைச்சர்கள் ஏறக்குறைய ஒரே சொற்களில் கவலை தெரிவித்திருந்தார்கள். அந்த மூன்றையும் எடுத்துவிட்டேன். மார்ச் 23 அச்சுக்குப் போனது.