குச்சிப்பூச்சி: ஒரு பெயரும் அதன் உறவுகளும்

கார்த்திகையில் மழை விட்ட ஒரு காலை. எங்கள் செட்டிநாட்டு வீட்டின் பின்கட்டில் நிற்கும் கொய்யாமரத்தில் ஒரு குச்சி நடந்துபோனது. மகள்தான் முதலில் கண்டாள். என் நடுவிரலைவிட நீளம், விளக்குமாற்று ஈர்க்கைவிடச் சற்றே பருமன். விரல் பட்டதும் முன்கால் இரண்டையும் தலைக்கு முன்னே நீட்டி ஒட்டவைத்துக்கொண்டு அப்படியே கிடந்தது. "இதுக்குப் பேர் என்னப்பா?" என்றாள். குச்சிப்பூச்சி என்றேன். துணி உலர்த்த வந்த என் அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிளை கிளையாகத் தேடினார்கள். "இருக்குங்கிறீக, காணோமே! நமக்கே பூச்சி காட்டுதே இது!"

அம்மா சொன்ன சொல்லைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் பெயர்.

குச்சியைப் போன்ற பூச்சி, குச்சிப்பூச்சி. இலக்கணத்தில் இது உவமைத்தொகை, அதனால் நடுவில் 'ப்' வரவேண்டும். ஒற்றை விட்டுவிட்டால் குச்சியும் பூச்சியும் தனித்தனியே நிற்கிற மாதிரி ஆகிவிடும். பாடப் புத்தகத்துக்குப் படம் வரைந்து பெயர் எழுதுகிறவர்கள் இந்த ஓர் எழுத்தை மறக்காமல் இருந்தால் நல்லது.

ஏன் குச்சி? மெல்லிய மரத்துண்டுக்குத் தமிழில் சொல்லுக்கா பஞ்சம்! காய்ந்து உதிர்ந்து அடுப்புக்குப் போவது சுள்ளி. பச்சையாக வளைந்து கொடுப்பது விளார், புளிய விளாரில் அடி வாங்கி வளர்ந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. தென்னை ஓலையின் நரம்பு ஈர்க்கு. ஊன்றவும் ஓங்கவும் ஆகிற நீளம் வந்துவிட்டால் கோல், கம்பு, கழி. குச்சி இவற்றில் சிறியது. காய்ந்ததா பச்சையா என்று அது பார்ப்பதில்லை. வேப்பங்குச்சி பச்சை, தீக்குச்சி காய்ந்தது, இரண்டும் குச்சிதான். இந்தப் பூச்சிகளிலும் பச்சை உண்டு, பழுப்பு உண்டு, ஒரே இனத்துக்குள்ளேயே இரண்டு நிறமும் உண்டு. சுள்ளிப்பூச்சி என்றால் பச்சை வெளியே போய்விடும். கோல்பூச்சி என்றால் உருவத்துக்கு மீறிய பெருமை வந்துவிடும். அமெரிக்க ஆங்கிலத்தில் இதற்கு 'வாக்கிங் ஸ்டிக்' என்று பெயர், அதைப் பார்த்துக் கைத்தடிப்பூச்சி என்று எழுதினால் தாத்தாவின் ஊன்றுகோல்தான் நினைவுக்கு வரும். குச்சிதான் பொருந்துகிறது.

பூச்சி என்ற சொல்லின் பரப்பு இன்னும் பெரிது. ஆறு கால் உயிர் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் என்று இன்று பள்ளியில் கற்கிறோம், பூச்சியியல் என்று ஒரு துறையே இருக்கிறது. வீட்டுப் பேச்சில் அந்த வரம்பு கிடையாது. குழந்தைக்கு வயிற்றில் இருப்பதும் பூச்சிதான், அறிவியல்படி அது புழு. கல்யாணமாகிச் சில வருடம் ஆன பெண்ணைப் பற்றி, "வயித்துல ஒரு புழு பூச்சி இல்லையே" என்று உறவுக்காரர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். கேட்கச் சங்கடமான பேச்சு அது, ஆனாலும் சொல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது தெரிகிறது.

இதே பூச்சிக்கு இன்னொரு முகமும் உண்டு. கண்ணை உருட்டி முகத்தைக் கோணலாக்கிப் பிள்ளைகளைப் பயமுறுத்துவதைப் பூச்சி காட்டுதல் என்கிறோம். சோறு உண்ணாத பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போக வருகிற பூச்சாண்டியையும் அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே பூச்சி என்பது திடீரென்று தோன்றி அச்சம் காட்டும் உருவம்.

இனி அறிவியல் பெயருக்குப் போவோம். இந்தப் பூச்சிகளின் வரிசைக்கு, அதாவது உறவுள்ள பூச்சிகளைச் சேர்த்த பெரிய பிரிவுக்கு, பாஸ்மடோடியா என்று பெயர். அடிச்சொல் 'பாஸ்மா', கிரேக்கம். கண்முன் தோன்றும் உரு, ஆவி என்று பொருள். தோன்றுதல், காட்டுதல் என்ற வினையிலிருந்து வந்த பெயர் அது. ஜெர்மானியர்கள் இந்த வரிசையையே 'பேய் வெட்டுக்கிளிகள்' என்கிறார்கள். ஜப்பானியர் மட்டும் பேய்ப் பக்கம் போகாமல் 'நனஃபுஷி', அதாவது ஏழு கணு, என்று உடம்பைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். கிரேக்கச் சொல்லில் இருக்கும் உருவும் காட்டுதலும் எங்கள் பின்கட்டில் அம்மாவின் வாயில் சேர்ந்தே வந்துவிட்டன: பூச்சி காட்டுது. இரண்டு மொழிக்கும் உறவு இருப்பதாகச் சொல்லவரவில்லை. ஒரே பூச்சியைப் பார்த்த மனிதர்களுக்கு ஒரே நினைப்பு வந்திருக்கிறது, எனக்கு அதுவே பெரிய மகிழ்ச்சி.

உலகில் குச்சிப்பூச்சி இனங்கள் 3000-க்கும் மேல், பெரும்பாலானவை வெப்பநாடுகளில். போர்னியோ காட்டிலிருந்து 2008-ல் பெயர் சூட்டப்பட்ட ஒன்று, நீட்டிய கால்களோடு அளந்தால் 56.7 செ.மீ., ஒரு முழத்துக்கும் மேல். ஆனால் உலக ஆய்வுக்கூடங்களில் அதிகம் வாழ்வது நம் பக்கத்து மலைக்காரி. காவடி எடுத்துத் தைப்பூசத்துக்கு நம் ஊர்க்காரர்கள் நடந்துபோகிறார்களே, அந்தப் பழனியின் மலைத்தொடர்தான் அதன் தாய்வீடு. கொடைக்கானலை ஒட்டிய செண்பகனூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனதை ராபர்ட் த சினேட்டி என்ற பிரெஞ்சுக்காரர் 1901-ல் விவரித்துப் பெயரிட்டார். இன்றைய பெயர் காராசியஸ் மோரோசஸ். மோரோசஸ் என்றால் லத்தீனில் சிடுசிடுப்பானது. சத்தம் போடாமல் இலை தின்றுகொண்டிருக்கிற உயிருக்கு இந்தப் பெயர் நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

ஆங்கிலத்தில் அதை இந்தியக் குச்சிப்பூச்சி என்கிறார்கள். அதையே தமிழிலும் எழுதுகிறோம். இந்தியாவில் குச்சிப்பூச்சி இனங்கள் பல இருக்கும்போது ஒன்றுக்கு மட்டும் நாட்டுப் பெயரைக் கொடுப்பது குழப்பம். பழனிமலைக் குச்சிப்பூச்சி என்பதே சரியான தமிழ்ப்பெயர் என்பது என் கருத்து. ஊரும் தெரியும், உருவும் தெரியும்.

அதை அடையாளம் காண்பது கடினமில்லை. வளர்ந்த பெண் பூச்சி 8 முதல் 10 செ.மீ. வரை. இறக்கை இல்லை. உணர்கொம்பு முன்காலின் தொடைப்பகுதியைவிட நீளம். முன்காலை மெல்ல விலக்கினால் அது உடம்போடு சேரும் இடத்தில், நம் அக்குள் மாதிரி, பளிச்சென்று சிவப்பு இருக்கும். ஆண் மிகமிக அரிது. ஆண் துணையில்லாமலே பெண் முட்டையிடும், அந்த முட்டையிலிருந்து பெண்களே பிறக்கும். முட்டை இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல், பார்த்தால் விதை என்றே நினைப்போம். அதன் மூடிமேல் சிறு குமிழ் ஒன்று இருக்கிறது. ஆமணக்கு முத்தின் நுனியில் வெளிர்நிறத்தில் ஒரு மூக்கு இருக்குமே, எறும்புக்குப் பிடித்தது, அதே வேலைதான் இந்தக் குமிழுக்கும். எறும்பு முட்டையை இழுத்துக்கொண்டுபோய்க் குமிழை மட்டும் தின்றுவிட்டுப் புற்றுக்குள் போட்டுவிடும். முட்டைக்கு மண்ணுக்குள் பத்திரமான இடம் கிடைத்துவிடுகிறது.

எங்கள் கொய்யாமரத்துப் பூச்சியை ஒரு தாளில் ஏற்றி வெயிலில் வைத்துப் பார்த்தேன். அக்குளில் சிவப்பு இல்லை. உணர்கொம்பு குட்டை, முன்தொடையில் பாதிகூட இல்லை. ஆக, பழனிமலைக்காரி இல்லை, நம் பொட்டல் காட்டைச் சேர்ந்த வேறொரு இனம். இப்படிப் பார்க்காமல், கண்ட குச்சிக்கெல்லாம் படத்தில் பார்த்த பெயரை ஒட்டிவிடக் கூடாது.

பெயர் மாறிப்போகிற இடங்கள் இன்னும் இரண்டு உண்டு. கும்பிடுபூச்சியும் மெலிந்து நீண்டதுதான், ஆனால் அது முன்காலை மடக்கி வைத்திருக்கும், அதில் முள் இருக்கும், பிற பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். குச்சிப்பூச்சிக்கு உணவு இலைதான். ஊருணிப் படித்துறையில் தண்ணீருக்குள் குச்சி மாதிரிக் கிடந்து, வால்போன்ற குழாயை மேலே நீட்டி மூச்சு விடும் ஒன்றை நீர்க்குச்சிப்பூச்சி என்று எழுதுகிறார்கள். உருவத்தால் வந்த பெயர் அது. உறவில் அது மூட்டைப்பூச்சியின் வரிசை.

பூச்சியை மரத்திலேயே விட்டுவிட்டோம். காற்று வந்தபோது இலைகளோடு சேர்ந்து அதுவும் பக்கவாட்டில் ஆடியது. மகள் தன் நோட்டில் எழுதியிருந்தாள்: "குச்சிப்பூச்சி. கொய்யாமரம். கொம்பு குட்டை. அக்குள் சிவப்பு இல்லை. அப்பத்தா கண்ணுக்குத் தெரியவில்லை." மறுநாள் காலையில் பார்த்தேன். கடைசி வரியை அடித்துவிட்டுக் கீழே எழுதியிருந்தாள்: "தெரிந்துவிட்டது. அப்பத்தாதான் இரண்டாவது பூச்சியைக் காட்டினார்கள்."