நாடாளுமன்ற ஊசலும் ஏற்காட்டின் மூன்று காபிக் கொட்டைகளும்

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ப்ளஸ் ஒன் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். டெல்லிக்குச் சுற்றுலா போனபோது புதிய நாடாளுமன்றக் கட்டடத்தையும் பார்த்தாராம். "மேலேயிருந்து பெரிய குண்டு ஒன்று தொங்கி ஆடிக்கொண்டே இருந்தது. பூமி சுற்றுவதால் அது ஆடும் திசை மாறும் என்றார்கள். குண்டைக் கட்டடத்தில்தானே சார் கட்டியிருக்கிறார்கள்? கட்டடமும் பூமியோடு சேர்ந்துதானே சுற்றுகிறது? குண்டு மட்டும் எப்படித் தப்பிக்கும்?"

கல்லூரியில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கேட்கவில்லை. சூத்திரத்தை எழுதி மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

முதலில் கட்டடம். பழைய நாடாளுமன்றம் வட்டம். லட்யன்ஸும் ஹெர்பர்ட் பேக்கரும் வடிவமைத்தது. 1921-இல் அடிக்கல், 1927 ஜனவரியில் திறப்பு, வெளித் தாழ்வாரத்தைச் சுற்றி 144 தூண்கள். அதன் மைய மண்டபத்தில் மின்விசிறிகள் தலைகீழாக நிற்கும். குவிமாடம் அவ்வளவு உயரம். அங்கே மாட்டினால் கீழே இருப்பவருக்குக் காற்று வராது, நீளக் கம்பி விட்டு இறக்கினால் விசிறியே ஆட ஆரம்பிக்கும். அதனால் தரையில் கம்பம் நட்டு அதன் உச்சியில் விசிறியை வைத்துவிட்டார்கள். 2023 மே 28-இல் திறந்த புதிய கட்டடம் முக்கோணம். மக்களவைக்கு மயில், மாநிலங்களவைக்குத் தாமரை என்று அலங்காரத்தைப் பிரித்திருக்கிறார்கள். நம் மாணவி பார்த்த ஊசல் அங்கே அரசியலமைப்பு மண்டபத்தில் தொங்குகிறது. உயரம் 22 மீட்டர், குண்டின் எடை 36 கிலோ. செய்தது கொல்கத்தாவில், தேசிய அறிவியல் அருங்காட்சியகங்களின் கவுன்சிலுடைய கூடத்தில். பழைய மண்டபத்தில் ஆடக்கூடாது என்று கம்பம் நட்டார்கள். புதியதில் ஆடட்டும் என்றே தொங்கவிட்டிருக்கிறார்கள்.

இனி கேள்விக்கு வருவோம். வீட்டில் ஒரு பூட்டை எடுத்து முழ நீள நூலில் கட்டுங்கள். நூலின் நுனியை இரு விரலால் பிடித்து, வாசல் பக்கமும் கொல்லைப் பக்கமுமாக ஆடவிடுங்கள். ஆடிக்கொண்டிருக்கும்போதே நூலை விரலுக்கிடையில் திரி உருட்டுவதுபோல மெல்ல உருட்டுங்கள். பூட்டு தன்னைத்தானே சுற்றும். ஆனால் ஆட்டம் வாசலுக்கும் கொல்லைக்கும்தான் நடக்கும்; திண்ணைப் பக்கம் திரும்பாது. நூலால் இழுக்க முடியும், அவ்வளவுதான். இழுக்கும் திசையும் எப்போதும் நூலின் வழியேதான். குண்டைப் பக்கவாட்டில் தள்ள அதற்குக் கை கிடையாது. டெல்லியில் கூரை திரும்பும்போது கம்பி முறுகும், குண்டு மெல்லத் தன்னைத்தானே சுற்றும், ஆட்டத்தின் தளம் மட்டும் அதோடு சேர்ந்து திரும்பாது. கட்டியிருந்தும் தப்பிப்பது இப்படித்தான்.

அப்படியானால் 24 மணி நேரத்தில் ஒரு சுற்று வந்துவிட வேண்டுமே? டெல்லி ஊசலுக்குக் கிட்டத்தட்ட 50 மணி நேரம் ஆகிறது. எனக்குப் பைத்தியம் பிடிக்கவைக்கும் அளவுக்குப் பிடித்த இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

பூமி சுற்றும்போது எல்லா ஊரும் ஒரே வேகத்தில் கிழக்கே ஓடுவதில்லை. சேலம் மணிக்குச் சுமார் 1,640 கிலோமீட்டர், டெல்லி 1,470. வடக்கே போகப் போக பூமியின் அச்சு நெருங்குகிறது, சுற்ற வேண்டிய வட்டம் சிறுக்கிறது. இது ஊருக்கு ஊர் மட்டுமல்ல, ஒரே அறைக்குள்ளும் உண்மை. டெல்லியில் பத்து மீட்டர் அகலத்துக்கு ஒரு தரை இருக்கிறது என்று வையுங்கள். அதன் தென் விளிம்பு, வட விளிம்பைவிட அச்சுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. ஆகவே கொஞ்சம் வேகமாகக் கிழக்கே ஓடுகிறது. எவ்வளவு வேகமாக? கணக்குப் போட்டால் மணிக்கு ஒன்றேகால் மீட்டர்! கோடிக்கணக்கான டன் பூமி சுற்றுவதன் மிச்சம், ஒரு அறைக்குள் எறும்பைவிட மெதுவான ஓட்டமாக வந்து நிற்கிறது. தெற்கு முந்துகிறது, வடக்கு பிந்துகிறது என்றால் தரை திருகப்படுகிறது என்று பொருள். மேலேயிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில். தரையில் நிற்கும் நமக்கு அது தெரியாது. ஊசல்தான் கடிகாரத் திசையில் நகர்வதாகத் தோன்றும்.

இந்த வேக வித்தியாசம் எங்கே அதிகம்? துருவத்தில். அங்கே தரை குடை ராட்டினம் போல முழுதாகச் சுற்றும், ஒரு நாளில் ஒரு சுற்று. நிலநடுக்கோட்டில் தரையின் இரு விளிம்பும் அச்சிலிருந்து சம தூரம், முந்துவதும் இல்லை, பிந்துவதும் இல்லை. தரை குட்டிக்கரணம் போடுமே தவிரத் திருகாது. அங்கே ஊசல் தொங்கவிட்டால் ஏமாற்றம்தான். நடுவில் இருக்கும் ஊர்களுக்கு, அட்சரேகையின் (நிலநடுக்கோட்டிலிருந்து ஊர் எத்தனை டிகிரி தள்ளி இருக்கிறது என்பதன்) சைன் மதிப்பு எவ்வளவோ, துருவத்தின் மணிக்கு 15 டிகிரியில் அவ்வளவு பங்கு. டெல்லிக்கு மணிக்கு 7.2 டிகிரி. சேலத்துக்கு 3 டிகிரிதான். இங்கே ஒரு சுற்று முடிய ஐந்து நாளுக்குச் சற்றுக் குறைவாக ஆகும். கன்னியாகுமரியில் ஏழு நாள்.

1851-இல் பாரிஸின் பாந்தியோன் மண்டபத்தில் 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டு பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ இதை ஊருக்குக் காட்டினார். பூமி சுற்றுகிறது என்பதை வானத்தைப் பார்க்காமலே, கதவைச் சாத்திக்கொண்டு, ஓர் அறைக்குள் காணலாம் என்பதே அதன் அழகு.

எனக்கும் ஆசை வந்தது. ஏற்காட்டில் நண்பரின் எஸ்டேட்டில் காபி மூட்டை அடுக்கும் பழைய கிடங்கு ஒன்று உண்டு, உத்தரம் ஏழு மீட்டர் உயரத்தில். பன்னிரண்டு கிலோ இரும்புக் குண்டு ஒன்றைக் கடைசல் பட்டறையில் தேற்றி, இருபது கொண்டை ஊசி வளைவும் மடியில் வைத்தே கொண்டுபோனேன். முதல் முயற்சி படுதோல்வி. உத்தரத்தில் கொக்கி போட்டுக் கம்பியை மாட்டியிருந்தேன். பத்து நிமிடத்தில் குண்டு நேர்கோட்டை விட்டுவிட்டு முட்டை வடிவில் சுற்ற ஆரம்பித்தது. கொக்கி ஒரு பக்கம் எளிதாக அசையும், மறுபக்கம் இறுகும். அந்த வித்தியாசம் போதும், பூமியின் மூன்று டிகிரியை விழுங்கிவிடும். அடுத்த முறை பழைய ட்ரில் மெஷினில் துளையிடும் கம்பியைக் கவ்விப் பிடிக்கும் 'சக்' என்ற பாகத்தைக் கழற்றி உத்தரத்தில் பொருத்தி, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கம்பியைக் கவ்வவைத்தேன்.

இன்னொரு எதிரி என் கை. கையால் தள்ளிவிட்டால் நமக்கே தெரியாமல் ஒரு பக்கவாட்டு உதை சேர்ந்துவிடும். ஆகவே குண்டை நூலால் சுவரோரம் இழுத்துக் கட்டி, அது சலனமில்லாமல் ஓயும்வரை காத்திருந்து, நூலைத் தீக்குச்சியால் எரித்து விடுவிக்க வேண்டும். ஃபூக்கோ காலத்திலிருந்து இதுதான் முறை. போர்வெல் போடும் முன் நீரோட்டம் பார்க்க வருகிறவர் சிலர் நூலில் குண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், சிலர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொள்வார்கள். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். எதிர்பார்ப்புதான் அவர்கள் விரலுக்கே தெரியாமல் விரலை அசைக்கிறது. கையை எடுத்துவிட்டு, நூலை மரக்கிளையில் கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த நீரோட்டமும் தெரியாது. ஆயிரம் அடி துளையிட்டுப் புழுதி பார்க்கச் செலவழியும் பணத்தில் ஊருக்கு ஓர் ஊசல் தொங்கவிடலாம் என்பது என் வயிற்றெரிச்சல். டெல்லியில் எம்.பி.க்கள் பார்க்க ஒன்று இருப்பது நல்லதுதான். அதே அறிவியல் கவுன்சிலுக்கு இன்னும் நாலு காசு கொடுத்து, மாவட்டத்துக்கு ஓர் உயர்ந்த மாடிப்படிக் கூண்டில் ஒன்று என்று மாட்டினால் இந்த மாணவி இரண்டாயிரம் கிலோமீட்டர் போயிருக்க வேண்டாம்.

கிடங்குக்கு வருவோம். குண்டின் அடியில் ஆணி முனை. மையத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி வடக்கிலும் தெற்கிலும் பலகை போட்டு, அதன்மேல் ஆணி போகும் தடத்தின் ஓரமாக உலர்ந்த காபிக் கொட்டைகளை நெருக்கமாக அடுக்கினேன். நூல் எரிந்தது. ஐந்தே கால் நொடிக்கு ஒருமுறை போய்வந்தது குண்டு. இருபது நிமிடம் போல ஆனதும் வடக்குப் பலகையில் முதல் கொட்டை கிழக்குப் பக்கமாகத் தட்டப்பட்டு விழுந்தது. ஒரு மணி நேரத்தில் மூன்று கொட்டைகள். கணக்கின்படி தடம் நகர வேண்டியது 2.7 சென்டிமீட்டர், கொட்டை ஒன்று ஒரு சென்டிமீட்டர் போல இருக்கும்.

கிடங்குக் காவல்காரர் கைகட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "காத்துல விழுந்திருக்குமுங்க சார்" என்றார். நியாயமான சந்தேகம். அவரே எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார், கதவடியில் சாக்கைத் திணித்தார், பலகைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். குண்டின் ஆட்டம் தளர்ந்து பலகைவரை எட்டுமோ எட்டாதோ என்றிருந்த நேரத்தில், தெற்குப் பலகையின் மேற்கோரத்தில் நாலாவது கொட்டை சாய்ந்தது. அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நாளைக்கு எம் பேரனக் கூட்டியாரட்டுங்களா?" என்று கேட்டார்.