பைக் ஓட்டுபவரின் கண்ணாடி: கறுப்பு நிறம் கடைசிக் கவலை

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பைக் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டரைக் கடந்துவிடுகிறது. கண்ணை நோக்கி ஏதோ வருகிறது என்று உணர்ந்து இமை மூடிக்கொள்ளச் சுமார் பத்தில் ஒரு நொடி ஆகும். அதற்குள் வண்டி ஒன்றரை மீட்டருக்கு மேல் முன்னேறியிருக்கும். ஒரு கொசுவையோ மணல் துகளையோ அந்தத் தொலைவில் கண்டுகொள்வது நடவாத காரியம். நடந்து செல்பவருக்குப் போதுமான இமை, பைக் ஓட்டுபவருக்குத் திருட்டு முடிந்தபின் வந்து சேரும் காவலாளியாகிவிடுகிறது.

எதுவும் வந்து மோதாவிட்டாலும் காற்று ஒன்றே போதும், பார்வையைக் கெடுக்க. கண்ணின் முகப்பில் இருக்கும் கார்னியா நடுப்பகுதியில் அரை மில்லிமீட்டர் அளவே தடிமன் கொண்டது. அதில் இரத்தக் குழாய்கள் கிடையாது. தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பகுதியை, மேலே படர்ந்திருக்கும் மிக மெல்லிய கண்ணீர்ப் படலத்தின் வழியாகக் காற்றிலிருந்தே பெறுகிறது. எதிர்க்காற்று அந்தப் படலத்தை வேகமாக உலர்த்துகிறது. உடனே நரம்புகள் தூண்டப்பட்டு, கண்ணீர்ச் சுரப்பி தேவைக்கு மிஞ்சிய நீரைக் கொட்டுகிறது. சீராக இருக்கவேண்டிய படலம் மேடுபள்ளமாகி, எதிரே வரும் வண்டியின் விளிம்புகள் கலங்கித் தெரிகின்றன. கார்னியாவில் நரம்பு முனைகள் மிக அடர்த்தியாக இருப்பதால்தான், கண்ணுக்கே தெரியாத ஒரு துகள்கூட ஓட்டுபவரைச் சாலை நடுவே திணற வைக்கிறது.

கூலிங் கிளாஸ் வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது நிறத்தை. உண்மையில் முதலில் கேட்க வேண்டியது, லென்ஸ் எதனால் ஆனது என்பதையே. எதிரே 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரியிலிருந்து ஒரு கிராம் எடையுள்ள கல், அதாவது கொண்டைக்கடலை அளவிலான சல்லி, அதே வேகத்தில் தெறித்து வருகிறது என்று கொள்வோம். நம் வேகமும் 60 என்றால், அது கண்ணாடியில் மோதும் வேகம் நொடிக்கு 33 மீட்டர். அதன் இயக்க ஆற்றல் சுமார் 0.55 ஜூல். வேகம் இரட்டிப்பானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதால், நெடுஞ்சாலையில் இந்தக் கணக்கு விரைவிலேயே மோசமாகிவிடும்.

சாதாரணக் கண்ணாடி இந்த அடியைத் தாங்க வழியில்லாதது. அதன் மேற்பரப்பில் எப்போதும் இருக்கும் நுண்ணிய கீறல் ஒன்றின் முனையில் விசை குவிந்து, அங்கிருந்து விரிசல் ஓடிவிடும். பவர் கண்ணாடிகளில் நெடுங்காலமாகப் பயன்படும் சிஆர்-39 என்ற பிளாஸ்டிக், சாதாரணக் கண்ணாடியைவிட மேல். ஆனால் அதுவும் பலத்த அடியில் துண்டுகளாகச் சிதறக்கூடியது. பாலிகார்பனேட் என்ற இன்னொரு பிளாஸ்டிக் நடந்துகொள்ளும் விதமே வேறு. ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள், சாதாரண வெப்பநிலையிலும் ஓரளவு அசைந்து கொடுக்கின்றன. ஆகவே அடிபட்ட இடம் உடைவதற்கு முன் வளைந்து, குழிந்து, ஆற்றலை உள்வாங்கிக்கொள்கிறது. தரமான ஹெல்மெட்டுகளில் முகத்துக்கு முன்னே இறங்கும் வைசர் என்ற ஒளிபுகு தகடு பாலிகார்பனேட்டில் செய்யப்படுவது இதற்காகத்தான்.

இதைச் சோதிக்கும் முறை எளிமையானது. ஐரோப்பாவில் பல ஆண்டுகள் புழங்கிய இஎன் 166 தரத்தில், 'எஃப்' என்ற எழுத்தைப் பெற வேண்டிய கண்ணாடியின் மீது 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டை நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் எய்வார்கள். 'பி' என்றால் 120 மீட்டர் வேகம். அமெரிக்காவின் இசட்87+ குறியைப் பெற, ஏறத்தாழ 'எஃப்' சோதனையின் வேகத்தில் வரும் கால் அங்குலக் குண்டோடு, 1.27 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அரைக் கிலோ கூர்முனை எடையையும் தாங்க வேண்டும். 'எஃப்' சோதனைக் குண்டின் ஆற்றல் சுமார் 0.87 ஜூல், மேலே சொன்ன சல்லியை அது சமாளிக்கும், அதைவிட இரு மடங்கு எடையுள்ள கல்லுக்கு உத்தரவாதம் இல்லை. இவை பட்டறைத் தொழிலாளர்களை மனத்தில் வைத்து எழுந்த தரங்கள் என்றாலும், நடைபாதைக் கடையில் எந்தக் குறியும் இல்லாமல் விற்கும் கண்ணாடியைவிட நூறு மடங்கு நம்பத்தக்கவை. குறி ஃபிரேமிலும் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்; லென்ஸ் உடையாமலே ஃபிரேமிலிருந்து கழன்று கண்ணுக்குள் இடித்தால் என்ன பயன்?

பாலிகார்பனேட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு: எளிதில் கீறல் விழும். அதனால்தான் அதன் மேல் கடினப் பூச்சு தருகிறார்கள். புழுதி படிந்த வைசரைச் சட்டை நுனியால் உலர்வாகத் துடைப்பது, மணலைக் கொண்டு அதைத் தேய்ப்பதற்குச் சமம்; பெட்ரோலும் தின்னரும் பட்டால் பிளாஸ்டிக்கே நுண்விரிசல் விடும். தண்ணீரும் கொஞ்சம் மென்மையான சோப்பும் போதும். பகலில் கண்ணுக்கே தெரியாத கீறல்கள், இரவில் எதிர் வண்டியின் ஹை பீமை நாலாபுறமும் சிதறடித்து வெள்ளைத் திரை போட்டுவிடும். பொறுக்க முடியாமல் ஓட்டுபவர் வைசரை மேலே தள்ளிவிடுகிறார். அந்திக்குப் பின் வயல்களை ஒட்டிய சாலைகளில், வெளிச்சம் தேடி வரும் பூச்சிகள் கண்ணில் விழுவது பெரும்பாலும் இப்படித்தான். அவற்றுள் கறுப்பும் செம்மஞ்சளுமாக மெலிந்திருக்கும் பெடரஸ் என்ற வண்டினம் கடிக்காது. ஆனால் நசுங்கினால் வெளிப்படும் பெடரின் என்ற நச்சு தோலைக் கொப்பளிக்க வைக்கும், விரல் வழியே கண்ணுக்குப் போனால் கண்ணையும் கடுமையாகப் புண்படுத்தும். கண்ணில் பூச்சி விழுந்தால் கசக்காமல் நீரால் கழுவச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி நிறத்துக்கு வருவோம். கூலிங் கிளாஸ்களை, உள்ளே விடும் ஒளியின் அளவைக் கொண்டு 0 முதல் 4 வரை வகைப்படுத்துகிறார்கள். மூன்றாம் வகை 8 முதல் 18 விழுக்காடு ஒளியை விடும். கொளுத்தும் வெயிலுக்கு ஏற்றது அதுவே. 3 முதல் 8 விழுக்காடு மட்டுமே விடும் நான்காம் வகையை அணிந்துகொண்டு வாகனம் ஓட்டவே கூடாது. ஐரோப்பாவில் பல ஆண்டுகள் நடப்பில் இருந்த ஈசிஇ 22.05 என்ற ஹெல்மெட் விதி, வைசர் குறைந்தது 80 விழுக்காடு ஒளியை விட வேண்டும் என்றது. 50 விழுக்காடு வரை இறங்கவும் அது இடம் தந்தது, ஆனால் 'பகலில் மட்டும்' என்று வைசரில் பொறித்திருக்க வேண்டியிருந்தது. கூலிங் கிளாஸும் இப்படிப்பட்ட வைசரும் தனித்தனியே சரி. 15 விழுக்காடு விடும் கூலிங் கிளாஸைப் போட்டுக்கொண்டு, 50 விழுக்காடு விடும் வைசரையும் இறக்கிவிட்டால் கண்ணைச் சேர்வது 7.5 விழுக்காடு. மேம்பாலத்துக்குக் கீழே நிழலில் நிற்கும் மாடு அப்போது தெரியாது.

கறுப்பு அடர்ந்தால் புற ஊதாக் கதிரிலிருந்து காப்பும் கூடும் என்பது பரவலான தவறு. பாலிகார்பனேட் நிறமே இல்லாமலும் ஏறக்குறைய முழுப் புற ஊதாக் கதிரையும் உறிஞ்சிவிடும். வெயிலில் தானே கறுக்கும் ஃபோட்டோகுரோமிக் லென்ஸ் வைசருக்குப் பின்னால் ஏமாற்றுவதும் இதனால்தான்: அதைக் கறுக்க வைக்கும் கதிரை வைசரே தடுத்துவிடுகிறது. போதாக்குறைக்கு, வெப்பம் கூடினால் அந்தச் சாயம் குறைவாகவே கறுக்கும். மே மாத மதியத்துக்கு இது நல்ல செய்தியல்ல. போலரைஸ்டு லென்ஸ் தார்ச்சாலையின் பளபளப்பை அழகாக வெட்டும். ஆனால் ஈரத்தையும் எண்ணெய்க் கறையையும் முன்கூட்டியே காட்டிக்கொடுப்பது அந்தப் பளபளப்புதான்; வண்டியின் டிஜிட்டல் மீட்டரும் சில கோணங்களில் இருண்டுபோகலாம். எனவே காருக்கு நல்லது பைக்குக்கும் நல்லது என்று நான் சொல்லமாட்டேன். இரவுக்கென்று விற்கும் மஞ்சள் கண்ணாடி, குறைவாக உள்ள ஒளியை மேலும் குறைக்கிறது. இரவில் நிறமற்ற லென்ஸே சரி.

மழைநாளில் சிக்னலில் நிற்கும்போது ஆவி படிவது தனிப் பிரச்சினை. மூச்சின் ஈரம் குளிர்ந்த பரப்பில் நுண்துளிகளாகப் படிந்து ஒளியைச் சிதறடிக்கிறது. தடுப்புப் பூச்சு ஈரத்தைத் தடுப்பதில்லை, துளிகளை ஒரே படலமாக விரித்துவிடுகிறது. வைசரின் உட்புறம் பொருத்தும் பின்லாக் என்ற கூடுதல் தகடு, இரண்டுக்கும் நடுவே காற்றை அடைத்து உள்தகட்டைக் குளிராமல் காக்கிறது. ஓரத்தில் நுரைப்பட்டை வைத்த கண்ணாடி காற்றையும் தூசியையும் நன்றாக அடைக்கும், ஆனால் ஓட்டம் நின்றதும் முதலில் மங்குவதும் அதுதான். காற்றுத் துளைகள் உள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம்.

கடைக்குப் போகும்போது ஹெல்மெட்டையும் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. காதில் மாட்டும் கண்ணாடிக் காம்பு தட்டையாகவும் மெல்லியதாகவும் இல்லாவிட்டால், ஹெல்மெட்டின் பஞ்சு அதை நெற்றிப்பொட்டில் அழுத்தி அரை மணி நேரத்தில் தலைவலி தரும். பவர் தேவைப்படுவோர் பாலிகார்பனேட் என்றே கேட்டு வாங்கலாம். பவர் அதிகமானால் அதன் ஓரங்களில் வண்ண விளிம்புகள் தெரியக்கூடும், அப்படிப்பட்டவர்களுக்கு டிரைவெக்ஸ் என்ற பொருள் சற்றுத் தெளிவாக இருக்கும்.