காது நரம்போடு மின்சாரத்தில் பேசிய டாக்டர்

காக்ளியர் இம்ப்ளான்ட் என்றால் கொஞ்சம் பலமான ஹியரிங் எய்டு என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது வேறு, இது வேறு. ஹியரிங் எய்டு சத்தத்தைப் பெருக்கி உள்ளே அனுப்பும், அவ்வளவுதான். சத்தத்தை வாங்கி நரம்புக்குக் கொடுக்கும் மயிர்ச்செல்கள் உள்காதில் அழிந்துபோயிருந்தால், எவ்வளவு பெருக்கினாலும் பிரயோஜனம் இல்லை. இம்ப்ளான்ட் அந்தச் செல்களைத் தாண்டிப் போய் காது நரம்பையே மின்சாரத்தால் தூண்டுகிறது. சரி, எந்த இடத்தில், எவ்வளவு வேகத்தில் தூண்டினால் மூளை அதைப் பேச்சு என்று எடுத்துக்கொள்ளும்? இந்தக் கேள்விக்காக, நன்றாக ஓடிக்கொண்டிருந்த டாக்டர் தொழிலை விட்டுவிட்டு ஆராய்ச்சி மாணவராகப் போனவர் ஆஸ்திரேலியாவின் கிரேம் கிளார்க்.

1935ல் நியூ சவுத் வேல்ஸில் கேம்டன் என்ற ஊரில் பிறந்தவர். அப்பாவுக்கு மருந்துக்கடை, ஆனால் காது சரியாகக் கேட்காது. கடைக்கு வருகிறவர்கள் கூச்சப்படுகிற விஷயங்களைக்கூட எல்லாரும் கேட்கும்படி உரக்கச் சொல்லவேண்டியிருக்கும். அதைப் பார்த்து வளர்ந்த பையன் காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர் ஆனார். அமெரிக்காவில் பிளேர் சிம்மன்ஸ் என்ற மருத்துவர், காது கேளாத ஒருவரின் நரம்பை மின்சாரத்தால் தூண்டியபோது அவருக்குச் சத்தம் கேட்டது, பேச்சு புரியவில்லை என்று எழுதியிருந்த கட்டுரை கிளார்க் கண்ணில் பட்டது. 1967ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டார்.

அங்கே பூனைகளை வைத்துச் செய்த சோதனைகள்தான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். ஒற்றைக் கம்பியை வைத்து, மின்துடிப்புகளின் வேகத்தை மட்டும் மாற்றினால் எல்லாச் சுருதியையும் காட்டிவிடலாமே என்று அன்று ஒரு எண்ணம் இருந்தது. வினாடிக்குச் சில நூறு துடிப்புகள் வரைதான் நரம்பு மண்டலம் அந்த வேகத்தைப் பின்தொடர்கிறது, அதற்கு மேல் முடியவில்லை என்று அவர் கண்டார். பேச்சு புரிய மூவாயிரம் ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு மூவாயிரம் அதிர்வு, அளவுக்காவது வேண்டும். அப்படியானால் இடத்தை நம்பித்தான் ஆகவேண்டும். உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கும் குழாய்தான் காக்ளியா. அதை நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர். ஆர்மோனியக் கட்டைகள் மாதிரி அதில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சுருதி, வாசலருகே கீச்சுக்குரல், உள்ளே சுருள் முடியும் இடத்தில் கனத்த குரல். ஆகவே நரம்பைத் தூண்டும் மின்முனைகள் (எலக்ட்ரோடு) பல வேண்டும், அவை சுருளுக்குள் ஆழமாகவும் போகவேண்டும். 'இது நடக்காது' என்று சொன்ன சோதனை எவ்வளவு மதிப்பானது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1970ல், 34 வயதில், மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் முதல் காது மூக்கு தொண்டைப் பேராசிரியர். ஆயிரக்கணக்கான நரம்பிழைகள் செய்கிற வேலையைச் சில கம்பித்துண்டுகள் செய்யுமா என்று பல விஞ்ஞானிகள் ஒதுக்கினார்கள். டெலிவிஷனில் நிதி திரட்டும் நிகழ்ச்சி நடத்தித்தான் பணம் வந்தது. கம்பியும் மக்கர் செய்தது. சுருளுக்குள் பாதி வழியில் நின்றுவிடும். 1977ல் கடற்கரையில் ஒரு சங்குக்குள் புல்லைச் செருகிப் பார்க்கும்போது வழி கிடைத்தது. நுனி துவண்டு அடி விறைப்பாக இருந்தால் வளைவுகளில் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. மின்முனைக் கம்பியையும் அப்படியே செய்தார்கள்.

1978 ஆகஸ்ட் 1. கார் விபத்தில் கேட்கும் திறனை இழந்த ஒருவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. முதல் சோதனைகளில் ஒன்றுமே கேட்கவில்லை. கோளாறு சோதனைக் கருவியில் இருந்தது. அதைச் சரிசெய்து அன்றைய தேசிய கீதத்தை அனுப்பியதும் அந்த மனிதர் எழுந்து விறைப்பாக நின்றார்! ஆனால் அது தாளம். பேச்சுக்குத் திறவுகோல் அப்புறம்தான் கிடைத்தது. ஒவ்வொரு மின்முனையாகத் தூண்டத் தூண்ட, அவர் அவற்றை வெவ்வேறு உயிரெழுத்துகள் மாதிரி கேட்கிறது என்றார்.

ஒரே சுருதியில் 'ஊ' என்றும் 'ஈ' என்றும் சொல்லிப் பாருங்கள். குரல்வளை ஒரே சத்தத்தைத்தான் தருகிறது. வாயின் வடிவம் மாறுவதால் எந்த அதிர்வெண் தூக்கலாக ஒலிக்கிறது என்பது மாறுகிறது. கீழிருந்து இரண்டாவது தூக்கல் 'ஊ'வுக்கு ஆயிரம் ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும், 'ஈ'க்கு இரண்டாயிரத்தைத் தாண்டிவிடும். கிளார்க் குழு அந்த இரண்டாவது தூக்கலை மட்டும் பேச்சிலிருந்து பிரித்தெடுத்து, அதற்குரிய மின்முனையைத் தூண்டியது. துடிப்பின் வேகத்தைக் குரலின் சுருதிக்குக் கொடுத்தது. பூனைகளிடம் படித்த இரண்டு பாடங்களும் ஒரே கருவியில் சேர்ந்தன. உதட்டைப் பார்க்காமலே அந்த நோயாளி சொற்களைத் திருப்பிச் சொன்னபோது கிளார்க் பக்கத்து அறைக்குப் போய் அழுதிருக்கிறார். கத்தி பிடிக்கிற கைக்கும் நரம்பை அளக்கிற மூளைக்கும் ஒரே சொந்தக்காரர் இருந்ததால்தான் உயிரெழுத்துகள் மாதிரி கேட்கிறது என்று நோயாளி சொன்ன அந்த ஒரு வார்த்தை வீணாகவில்லை என்று நினைக்கிறேன்.

22 மின்முனைகள் கொண்ட கருவிக்கு அமெரிக்காவில் 1985ல் பெரியவர்களுக்கும், 1990ல் குழந்தைகளுக்கும் அனுமதி கிடைத்தது. 2013ல், இதே துறையில் உழைத்த இங்கெபோர்க் ஹாக்மெய்ர், பிளேக் வில்சன் இருவரோடு சேர்த்து கிளார்க்குக்கு, மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் விருது. பிறவியிலேயே கேளாத குழந்தைக்குச் சீக்கிரம் வைத்தால்தான் மூளையின் கேட்கும் பகுதி மொழியை நன்றாகப் பிடிக்கும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு இதைச் செலவில்லாமல் செய்கிறார்கள், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

இசைதான் இன்னும் சரியாக வரவில்லை. உள்காதுத் திரவம் மின்சாரத்தைக் கடத்துவதால் ஒரு மின்முனையின் தூண்டல் பக்கத்து நரம்புகளுக்கும் பரவிவிடுகிறது. 22 இருந்தாலும் மூளைக்குத் தனித்தனியாகப் போய்ச் சேருவது எட்டுப் பத்து பாதைகள்தான். கூட்டத்தில் ஒரு குரலைப் பிரித்துக் கேட்பதும் இதனால்தான் கஷ்டம். மின்சாரத்துக்குப் பதிலாக ஒளியால் நரம்பைத் தூண்டினால் இவ்வளவு பரவாது என்று இப்போது விலங்குகளில் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள்.